சீல் உடையவில்லை, சரக்கு மட்டும் குறைந்திருக்கிறது: கன்டெய்னர் பாதுகாப்பு குறித்து வழிகாட்டல் தேவை

பனியன்நகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்களுக்கு நேர்ந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன் 940 அட்டைப்பெட்டிகளை எங்கள் தொழிற்சாலையிலேயே 40 அடி கன்டெய்னரில் ஏற்றி, சுய முத்திரை முறைப்படி மின்னணு சீல் போட்டுத் தூத்துக்குடிக்கு அனுப்பினோம். ஒரு பெட்டிக்கு 60 டி-ஷர்ட்டுகள், பெட்டியின் எடை 11.7 கிலோ. ஜெர்மனியில் வாங்குபவரின் கிடங்கில் கன்டெய்னரைத் திறந்தபோது சீல் எண் ஆவணத்தோடு பொருந்தியது, சீலில் கீறல்கூட இல்லை, பெட்டிகளின் எண்ணிக்கையும் 940 தான். ஆனால் பெட்டிகளைப் பிரித்து எண்ணியபோது 38 பெட்டிகளில் தலா 30 உருப்படிகள் குறைந்திருந்தன. மொத்தம் 1,140 உருப்படிகள். அந்தப் பெட்டிகளின் டேப்பும் மற்றப் பெட்டிகளில் உள்ளதைப் போலவே ஒட்டப்பட்டிருந்ததாம்.

குறைந்த சரக்கின் தொகையைக் கழித்துக்கொள்வதாக வாங்குபவர் டெபிட் நோட் அனுப்பிவிட்டார். நீங்கள்தான் குறைத்து அனுப்பியிருக்கிறீர்கள் என்பதே அவருடைய நிலைப்பாடு. சீல் அப்படியே இருக்கும்போது நாங்கள் வேறு என்ன சொல்ல முடியும்? வண்டியை ஓட்டி வந்த டிரைவர் மீதுதான் எங்கள் முதலாளிக்குச் சந்தேகம். அவருக்கு இனி லோடு கொடுக்க வேண்டாம் என்று டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் சொல்லிவிட்டோம்.

முத்துநகர் முகவர் எழுதியது:

நண்பரே, தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் புரோக்கராக இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள். குறைந்த அந்த 38 பெட்டிகளும் கன்டெய்னருக்குள் எந்த இடத்தில் இருந்தன? ஏற்றும்போது எடுத்த படங்களில் கதவின் வெளிப்புறம் தெளிவாகத் தெரிகிறதா? வாங்குபவர் திறப்பதற்கு முன் எடுத்த கதவுப் படம் உங்களிடம் இருக்கிறதா?

பனியன்நகர் எழுதியது:

பெட்டி எண்களை வைத்து இப்போதுதான் பார்த்தோம். 38 பெட்டிகளும் கதவை ஒட்டிய கடைசி இரண்டு வரிசைகளில் இருந்தவை. கதவுப் படங்கள் இரு தரப்பிலும் உள்ளன.

முத்துநகர் முகவர் எழுதியது:

இரண்டு வரிசைகளும் கதவோரம் என்றால், உங்கள் தொழிற்சாலையில் எண்ணிக்கை தவறவில்லை என்று நான் நம்புகிறேன். பேக்கிங்கில் நேரும் தவறு கன்டெய்னர் முழுக்கப் பரவிக் கிடக்கும்; கதவோரம் மட்டும் வந்து சேராது. யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். சீலை மட்டும் திறக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ளக் கன்டெய்னர் கதவைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வலப்பக்கக் கதவு கடைசியில் மூடுவது. அதில்தான் சீல் போடுகிறோம். அந்தக் கதவில் மேலிருந்து கீழ்வரை ஓடும் பூட்டுக்கம்பியில் ஒரு கைப்பிடி இருக்கிறது. கைப்பிடி கம்பியோடு ரிவெட்டால் இணைக்கப்பட்டிருக்கும். கைப்பிடியின் நுனி உட்கார்கிற பிடிப்பான் கதவுத் தகட்டோடு ரிவெட்டாலோ போல்ட்டாலோ பிணைக்கப்பட்டிருக்கும். நாம் போடும் சீல் கைப்பிடியின் நுனியையும் பிடிப்பானையும் மட்டுமே கட்டிப் போடுகிறது. இந்த இரண்டு பிணைப்புகளில் ஏதாவது ஒன்றைக் கழற்றிவிட்டால் சீல் அப்படியே இருக்கும், கம்பி சுழலும், கதவு திறக்கும். வேலை முடிந்ததும் புதிய ரிவெட்டை அடித்து, மேலே கொஞ்சம் பெயின்டையும் கிரீஸையும் தடவிவிடுகிறார்கள். ஐஎஸ்ஓ 17712 தரத்தில் உயர்பாதுகாப்பு வகையென்று சான்று பெற்ற போல்ட் சீலாக இருந்தாலும் அதற்கு எதுவும் நேர்ந்திருக்காது. மின்னணு சீலும் அப்படியே. தன் உடம்பு அறுபட்டதா என்பதை மட்டுமே அது சொல்லும். தான் தொங்கும் கதவு திறந்ததா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே இரு படங்களையும் பெரிதாக்கி, ரிவெட்டின் தலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ரிவெட்டின் தலை கன்டெய்னரோடு சேர்ந்து பெயின்ட் அடிக்கப்பட்டு, துருவும் அழுக்கும் ஒரே மாதிரிப் படிந்திருக்கும். புதியது பளபளக்கும், அல்லது நிறம் ஒரு மாற்றுக் குறைந்து தெரியும். சுற்றிலும் பெயின்ட் வட்டமாகச் செதில் விட்டிருக்கும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அன்று. டாக்காவிலிருந்து சட்டோகிராம் துறைமுகத்துக்குப் போகும் ஆடைகளை வழியில் ஒரு கிடங்குக்குத் திருப்பி, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பகுதியை மட்டும் உருவிக்கொண்டு மறுபடி டேப் ஒட்டி அனுப்பிய கும்பலை வங்கதேசத்தின் சிறப்புக் காவல் படையான ஆர்ஏபி-யினர் 2023 தொடக்கத்தில் பிடித்தார்கள். முழுப் பெட்டியைத் தூக்கினால் துறைமுகத்திலேயே தெரிந்துவிடும். பாதியை எடுத்தால் கடல் கடந்து, பல வாரங்கள் கழித்து, வேறொரு நாட்டில்தான் தெரியும். அதற்குள் எந்த ஊரில், யார் பொறுப்பில் இருந்தபோது நடந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும்.

சங்ககிரி எழுதியது:

நான் லாரி உரிமையாளர். என் தந்தை காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு இதுதான் தொழில். முகவர் அவர்கள் கதவைப் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் டிரைவருக்கு லோடு கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம் என்ற வரியைப் படித்தபோது மனம் வருந்தியது. ஆதாரம் எதுவும் கைக்கு வருவதற்கு முன்பே ஒருவருடைய பிழைப்பு போய்விட்டது.

டிரைவர்களில் தவறு செய்பவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வண்டியில் என்ன இருக்கிறது என்பது டிரைவருக்கு மட்டுமா தெரியும்? ஏற்றியவருக்குத் தெரியும், புக்கிங் கிளார்க்குக்குத் தெரியும், ஈ-வே பில் போட்டவருக்குத் தெரியும், கிடங்குக் காவலாளிக்குத் தெரியும். 2020 அக்டோபரில் சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்போன் ஏற்றிச் சென்ற லாரியைக் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே மறித்து, டிரைவர்களைத் தாக்கிக் கட்டிப்போட்டு, சுமார் 15 கோடி ரூபாய் மதிப்புள்ள போன்களைக் கொண்டுபோனார்கள். கைதானவர்கள் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகரி அருகேயும் இதே போல ஒரு செல்போன் லாரி கொள்ளை போனது. இத்தனை வண்டிகள் ஓடும் சாலையில் எதில் போன் இருக்கிறது என்று ஒரு கும்பலுக்குத் தெரிகிறதென்றால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று யாராவது யோசித்ததுண்டா? எண்ணூர் சாலையிலும் மணலிப் பக்கத்திலும் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் டிரெய்லர்கள் மணிக்கணக்கில், சில நேரம் நாள் கடந்தும், இருட்டில் சாலையோரம் கிடக்கின்றன. கழிப்பறை கிடையாது, விளக்கு கிடையாது, சுவர் கிடையாது. டிரைவர் உணவுக்கு இறங்கினால் வண்டி அனாதைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி நிறுத்துமிடங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பாதுகாப்புத் தரம் பிரித்து, வேலி, கேமரா, வெளிச்சம் எல்லாவற்றுக்கும் விதி வகுத்திருக்கிறார்கள். நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. கன்டெய்னரின் கதவுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்த ஒரு சுவர் இருந்தால் போதும். சுவர் இல்லாத இடத்தில் என் டிரைவர்கள் இரண்டு வண்டிகளைக் கதவோடு கதவாகப் பின்னுக்குப் பின் ஒட்டி நிறுத்துவார்கள். இடையில் கை நுழையாது. ஒரு பைசா செலவில்லாத இந்தப் பழக்கத்தை எத்தனை நிறுவனங்கள் தங்கள் டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கின்றன?

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர் எழுதியது:

சுங்கத்துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இந்த இழையில் பேசப்படுவது 1,140 டி-ஷர்ட்டுகளின் கணக்கு மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சீலை உடைக்காமல் எடுக்கத் தெரிந்தவனுக்கு, சீலை உடைக்காமல் வைக்கவும் தெரியும். திருட்டும் கடத்தலும் பயங்கரவாதமும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் வருகின்றன. ஆனால் கதவில் அவை நுழைவது ஒரே ரிவெட்டின் வழியாகத்தான்.

வைத்ததற்குச் சான்று நம் பகுதியிலேயே இருக்கிறது. சேஷாசலம் மலைக்காடுகளில் வெட்டப்படும் செம்மரம் சென்னைத் துறைமுகத்தின் வழியாகக் கன்டெய்னர்களில் போய்ப் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஏற்றுமதியாளர் ஒருவர் முறையாகச் சரக்கை ஏற்றி, சீலும் போட்டு அனுப்புவார். வழியில் ஒரு கிடங்கில் வண்டி நிற்கும். முகவர் அவர்கள் விவரித்த அதே முறையில் கதவு திறக்கும். உள்ளே இருந்ததை இறக்கிக் கட்டைகளை ஏற்றி மூடுவார்கள். சில வழக்குகளில் அந்த ஏற்றுமதியாளருக்கே எதுவும் தெரிந்திருக்காது. கட்டைக்குப் பதிலாக வெடிபொருள் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2004 மார்ச்சில் இஸ்ரேலின் அஷ்தோத் துறைமுகத்தில் உலகம் பார்த்தது. காசாவிலிருந்து வந்த கன்டெய்னருக்குள் அமைத்திருந்த மறைவறையில் ஒளிந்து சென்ற இருவர் நடத்திய தற்கொலைத் தாக்குதலில் 10 பேர் இறந்தார்கள்.

2001 செப்டம்பருக்குப் பின்பு இந்த அச்சத்திலிருந்துதான் இன்றைய விதிகள் பெரும்பாலும் பிறந்தன. அமெரிக்கச் சுங்கத்துறை அதே ஆண்டு நவம்பரில் சரக்கு வரும் வழி முழுவதையும் பாதுகாக்க நிறுவனங்களோடு கைகோக்கும் சி-டிபாட் திட்டத்தைத் தொடங்கியது. கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான ஐஎஸ்பிஎஸ் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலகச் சுங்க அமைப்பு 2005 ஜூனில் சேஃப் என்னும் வணிகப் பாதுகாப்புக் கட்டமைப்பை ஏற்றது. நம்பகமான நிறுவனம் என்று சுங்கத்துறை தரும், நம் நாட்டில் ஏஇஓ என்று அழைக்கப்படும் அங்கீகாரம் அதன் வழியில் வந்ததுதான். உங்கள் நிறுவனம் அதைப் பெறாமலிருந்தால், பெறுவதற்கான கேள்விப் பட்டியலை மட்டுமாவது வாங்கிப் படியுங்கள். அங்கீகாரம் கிடைக்கிறதோ இல்லையோ, உங்கள் தொழிற்சாலையில் எந்தக் கதவு யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை முதன்முறையாக நீங்களே எழுதிப் பார்ப்பீர்கள்.

சி-டிபாட் வகுத்த ஏழு இடச் சோதனை எளிமையானது: முன்சுவர், இடச்சுவர், வலச்சுவர், தரை, கூரை, கதவின் உள்ளும் புறமும், அடிப்பாகம். காலிக் கன்டெய்னர் வந்தவுடன், ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். உள்நீளத்தை டேப்பால் அளந்து பாருங்கள். பொய்ச்சுவர் இருந்தால் அளவு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு குச்சியால் சுவரைத் தட்டிக் கேட்கும் பழக்கமுள்ள பழைய பிரிவெண்டிவ் (கடத்தல் தடுப்பு) அதிகாரிகளை நான் அறிவேன். ஓசை மாறும் இடத்தில் அவர்கள் நின்றுவிடுவார்கள்.

ஹீத்ரோவாசி எழுதியது:

லண்டனில் விமானச் சரக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ஐயா எழுதியதை வணங்கி ஏற்கிறேன். அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கதவைக் காத்தாலும், உண்மையான கதவு வழியாகவே, உண்மையான ரசீதோடு வருகிற பொருளை என்ன செய்வது?

2010 அக்டோபரில் ஏமனின் சனாவிலிருந்து சிகாகோவுக்கு முகவரியிட்ட இரண்டு பார்சல்கள் கூரியர் நிறுவனங்களில் வழக்கம்போல் பதிவாகி, பணம் கட்டப்பட்டு, விமானம் ஏறின. லேசர் பிரின்டரின் டோனர் கார்ட்ரிட்ஜுக்குள் பிஇடிஎன் வெடிபொருள் நிரப்பப்பட்டிருந்தது. ஒன்று துபாயிலும், மற்றொன்று இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்திலும் பிடிபட்டன. ஈஸ்ட் மிட்லண்ட்ஸில் பார்சலைக் கையில் வைத்துச் சோதித்தவர்களுக்கே முதலில் எதுவும் தென்படவில்லை. துபாயில் கண்டுபிடித்த விவரம் வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடி சோதித்துக் கண்டார்கள். சவூதி உளவுத்துறை முன்கூட்டியே கொடுத்த தகவல்தான் அந்தப் பார்சல்களைக் காட்டிக்கொடுத்தது; எக்ஸ்ரே கருவி காட்டிக்கொடுக்கவில்லை. இதை எங்கள் பயிற்சியில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதனால்தான் சரக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே அனுப்புநர், பெறுநர், பொருள், எடை ஆகிய விவரங்களை மின்னணு வழியில் வாங்கி அலசும் முறைகள் வந்தன. அமெரிக்கா 2018இல் அதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சில் அஞ்சல், கூரியர் பொருள்களிலிருந்து தொடங்கியது. அப்படியிருந்தும் 2024 ஜூலையில் லீப்சிக்கிலும் பர்மிங்ஹாமிலும் கூரியர் மையங்களில் பார்சல்கள் தீப்பிடித்தன. உள்ளே மசாஜ் கருவிகளில் தீப்பற்றும் சாதனம் மறைத்து அனுப்பப்பட்டிருந்தது. லீப்சிக்கில் விமானம் தாமதமானதால் தீ தரையிலேயே பற்றியது. உரிய நேரத்தில் கிளம்பியிருந்தால் நடுவானில் எரிந்திருக்கும். நான் கையாளும் ஒவ்வொரு மசாஜ் கருவியையும் அதற்குப் பிறகு இரண்டு முறை பார்க்கிறேன்.

ஆகவே எல்லாக் கன்டெய்னர்களையும் ஸ்கேன் செய்துவிட்டால் என்ன என்பதே என் கேள்வி. செலவாகும் என்பது தெரியும். ஆனால் உயிருக்கு முன்னால் செலவு என்ன?

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர் எழுதியது:

இந்தக் கேள்வியை அமெரிக்க நாடாளுமன்றமே கேட்டுச் சட்டமாகவும் இயற்றியது. தங்கள் நாட்டுக்கு வரும் ஒவ்வொரு கடல் கன்டெய்னரும் புறப்படும் துறைமுகத்திலேயே ஸ்கேன் செய்யப்பட வேண்டும் என்று 2007இல் சட்டம் போட்டு, 2012 வரை கெடு வைத்தார்கள். கெடு மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டதே தவிர, சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. பாகிஸ்தானின் காசிம், ஹோண்டுராஸின் புவெர்த்தோ கோர்தேஸ், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆகிய மூன்று இடங்களில் சோதனை முறையில் செய்து பார்த்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான கன்டெய்னர்கள் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறும் பெரிய துறைமுகங்களுக்கு அது பொருந்தாது என்பது வெளிப்பட்டது. படத்தை எடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு படத்தையும் ஒரு மனிதக் கண் நிதானமாகப் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் ஸ்கேனர் திரை முன் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் களைப்பு தெரியும்.

என் அனுபவத்தில் ஆவணம் ஸ்கேனரைவிட முன்னதாகவே பேசும். 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர்களில் 2,988 கிலோ ஹெராயின் பிடிபட்டது. ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக வந்த டால்க் கல் என்று அறிவித்திருந்தார்கள். இறக்குமதி செய்ததாகச் சொல்லப்பட்ட நிறுவனம் விஜயவாடா முகவரியில் பதிவானது. அதை நடத்திய தம்பதியர் சென்னையில் கைதானார்கள். விஜயவாடா நிறுவனம் ஒன்று பக்கத்திலிருக்கும் கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களை விட்டுவிட்டு, குஜராத்தில் ஏன் டால்க் கல்லை இறக்குகிறது? மேசையில் உட்கார்ந்து கேட்கக்கூடிய கேள்வி இது. இத்தகைய கேள்விகளை எழுப்பத்தான் இடர்ப்பாட்டு மதிப்பீட்டு முறை இருக்கிறது.

வவுனியன் எழுதியது:

எல்லாவற்றையும் சோதிப்பது எப்படியிருக்கும் என்பதை வாழ்ந்து பார்த்தவர்கள் நாங்கள். 2002இல் இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 வீதி திறக்கப்பட்டதிலிருந்து 2006 ஓகஸ்டில் மூடப்படும் வரை ஓமந்தைச் சோதனைச் சாவடி வழியாகப் பாரவூர்திகளில் பொருட்களை ஏற்றி இறக்கிய குடும்பம் எங்களுடையது. பாரவூர்தியில் உள்ள மூட்டைகளைக் கீழே இறக்கி, பிரித்துக் காட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பழம் (திராட்சை) வெயிலில் காத்திருந்து பெட்டியின் அடியில் சாறு விடும். அந்த இனிப்பு வாடையும் வரிசையில் நிற்கும் வண்டிகளின் டீசல் புகையும் கலந்த மணம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. போர்க்காலத்தில் அந்தச் சோதனைக்கு அவர்கள் சொன்ன காரணம் எங்களுக்குத் தெரியும். அதன் சுமையைச் சுமந்தவர்கள் விவசாயிகள் என்பதும் தெரியும்.

இந்த இழைக்குப் பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன். இறக்கி ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் பொருள் குறைந்தது. யார் எடுத்தார் என்று கேட்க முடியாது. கூலியாளா, காவலரா, பக்கத்து வண்டிக்காரரா என்று யாருக்கும் தெரியாது. சோதனைக்காகத் திறந்த மூட்டையே களவுக்கும் திறந்த மூட்டையாயிற்று. ஆகவே ஹீத்ரோவாசி அண்ணா சொல்லும் முழுச் சோதனையை நாடுபவர்கள், சோதனை செய்பவர் கையிலிருந்து சரக்கு திரும்பி வரும்போது அதை எண்ணி வாங்குபவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஹீத்ரோவாசி எழுதியது:

நான் அதை எண்ணிப் பார்த்ததில்லை, வவுனியன். எங்கள் சரக்குக் கொட்டகையிலும் திறந்து சோதித்த பெட்டியை மூடியவர் பெயர் எழுதப்படுகிறது. ஆனால் உள்ளே இருந்ததை எண்ணுவதில்லை. நாளை என் மேற்பார்வையாளரிடம் இதைக் கேட்கிறேன்.

முத்துநகர் முகவர் எழுதியது:

வவுனியன் அவர்கள் சொன்னதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. கை மாறும் இடம்தான் களவு போகும் இடம். தொழிற்சாலையிலிருந்து டிரைவருக்கு, டிரைவரிடமிருந்து துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர்களை வைக்கும் சிஎஃப்எஸ் யார்டுக்கு, யார்டிலிருந்து டெர்மினலுக்கு, டெர்மினலிலிருந்து கப்பலுக்கு. இந்த நான்கு இடத்திலும் வாங்குகிறவர் சீலைப் பார்த்து, எண்ணைப் படித்து, இழுத்து, திருகிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். திருகுவது முக்கியம். போல்ட்டின் தலையை வெட்டி, மரை இழைத்து மறுபடி ஒட்டிய சீல் இழுத்தால் வராது, திருகினால் கழன்றுவிடும். நடைமுறையில் நடப்பது என்ன? வாட்ச்மேன் காகிதத்தில் உள்ள எண்ணைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுகிறார். கதவுப் பக்கம் போவதே இல்லை. காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிட்டால் அது எப்போதும் பொருந்தத்தான் செய்யும்.

கன்டெய்னரே முழுதாகக் காணாமற்போவதும் கை மாறும் இடத்தில்தான். 2024 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் தனியார் டெர்மினலிலிருந்து சுமார் 35 கோடி ரூபாய் மதிப்புள்ள மின்னணுப் பொருட்கள் அடங்கிய கன்டெய்னர் வெளியே போய், பிறகு திருவள்ளூர்ப் பகுதியில் மீட்கப்பட்டது. கைதானவர்களில் டெர்மினலில் வேலை பார்த்தவரும் இருந்தார். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் கன்டெய்னரை எடுக்க ஒரு பின் எண் போதும் என்றிருந்தது. போதைப்பொருள் கும்பல்கள் அந்த எண்ணை உள்ளே இருப்பவர்களிடம் விலைக்கு வாங்கினார்கள். இப்போது எண்ணை ஒழித்து, எடுக்கும் உரிமையை அடையாளம் உறுதிசெய்யப்பட்ட நிறுவனத்திடமிருந்து நிறுவனத்துக்கு மின்னணு முறையில் மாற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம்மிடம் இன்னும் பல இடங்களில் டெலிவரி ஆர்டர் வாட்ஸ்ஆப்பில் பத்துப் பேர் கைக்குப் போகிறது. அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் யார் என்று எனக்கே தெரியாது. இதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பனியன்நகர் அவர்களே, படங்களை ஒப்பிட்டீர்களா? வண்டியின் ஜிபிஎஸ் பதிவையும் வாங்குங்கள். இழப்பை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்தாரா?

பனியன்நகர் எழுதியது:

நான்கு நாட்களாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். கண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நாங்கள் அனுப்பும்போது கைப்பிடி ரிவெட்டின் தலை கன்டெய்னரின் பழுப்புச் சிவப்பு நிறத்தில், ஓரத்தில் துருவோடு இருக்கிறது. ஜெர்மனியில் எடுத்த படத்தில் அதே ரிவெட் சற்று அடர்ந்த நிறத்தில், துருவே இல்லாமல், வழவழப்பாக இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களை அனுப்பியிருக்கிறேன். ஒரு முறைகூட நான் ரிவெட்டைப் பார்த்ததில்லை. சீல் எண்ணை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

துறைமுகத்தில் எடுத்த எடையைச் சரிபார்த்தோம். அதிலிருந்து எதுவும் தெரியவில்லை. 1,140 உருப்படிகள் ஏறத்தாழ 205 கிலோ. மொத்தச் சரக்கோ 11 டன். டீசல் டேங்க் நிரம்பியிருந்ததா, காலியா என்பதற்கே எடைமேடையில் அதைவிடப் பெரிய வேறுபாடு வந்துவிடுகிறது.

ஜிபிஎஸ் பதிவுதான் எங்களை வாயடைக்க வைத்தது. திருப்பூரிலிருந்து தூத்துக்குடி வரை வண்டி எங்கும் இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேல் நிற்கவில்லை. ஃபாஸ்டேக் பதிவில் சுங்கச்சாவடிகளைக் கடந்த நேரமும் அதோடு பொருந்துகிறது. ஆனால் வந்து சேர்ந்த பிறகு, இரவில், துறைமுகத்துக்கு வெளியே உள்ள ஒரு யார்டில் டிரெய்லரைக் கழற்றி விடச் சொல்லியிருக்கிறார்கள். டிரைவர் யார்டின் கேட்டில் கையெழுத்திட்டு, வேறு ஒரு காலிக் கன்டெய்னரை எடுக்க இழுவை வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை வேறொரு இழுவை வண்டி வந்து எங்கள் கன்டெய்னரை உள்ளே கொண்டுபோயிருக்கிறது. ஜிபிஎஸ் கருவி இழுவை வண்டியில் இருந்தது. ஆக, அந்த ஒன்பது மணி நேரம் எங்கள் கன்டெய்னர் யார் பொறுப்பில் இருந்தது என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. யார்டில் வாங்கியவரின் கையெழுத்தும் இல்லை. அங்கேதான் நடந்தது என்று நான் குற்றம் சாட்டவில்லை. அதற்குச் சான்று என்னிடம் இல்லை. ஆனால் சாலையில் நடக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியும்.

சங்ககிரி எழுதியது:

அந்த டிரைவரிடம் பேசினீர்களா?

பனியன்நகர் எழுதியது:

நேற்று நானே பேசினேன், அண்ணா. கோபப்படவில்லை. யார்டில் டிரெய்லரைக் கழற்றச் சொன்னபோது கதவைச் சுவர்ப் பக்கம் வைக்க இடம் கேட்டதாகவும், அங்கே இடமில்லை, நடுவில் விட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னதாகவும் கூறினார். உங்கள் பதிவைப் படித்திருந்ததால் அவர் சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது. முதலாளியிடம் ஜிபிஎஸ் பதிவைக் காட்டினேன். அடுத்த லோடு அவருக்குத்தான்.

அடுத்த வாரத்திலிருந்து செய்யப்போவதையும் எழுதிவிடுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். போல்ட் சீலோடு, இரண்டு கதவுகளிலும் நடுவை ஒட்டியுள்ள பூட்டுக்கம்பிகளையும் சேர்த்துக் கட்டும் கேபிள் சீல் ஒன்றும் போடுவோம். ரிவெட், போல்ட் தலைகளின் மீது கதவுத் தகட்டையும் தொடும்படி மார்க்கர் பெயின்டால் கோடு இழுத்துப் படமெடுப்போம். கடைசி இரண்டு வரிசைப் பெட்டிகளுக்கு, பிரித்தால் எழுத்து வெளிப்படும் டேப் ஒட்டுவோம். யார்டில் நிறுத்த நேர்ந்தால் அங்கே கன்டெய்னரைப் பொறுப்பேற்பவர் கதவைப் பார்த்துப் பெயரும் நேரமும் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையேல் டிரைவர் அங்கேயே காத்திருக்க வேண்டும், காத்திருப்புக் கூலியை நாங்கள் தருவோம்.

ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர் எழுதியது:

நன்றாகவே யோசித்திருக்கிறீர்கள். ஒரு திருத்தம் மட்டும். கேபிள் சீலின் எண்ணையும் ஷிப்பிங் ஆவணங்களில் சேர்த்து, வாங்குபவருக்குத் தனியாக மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். ஆவணத்தில் இல்லாத சீலை இடையில் யாராவது வெட்டிவிட்டு வேறொன்றைப் போட்டால் கேட்க ஆளிருக்காது. சுங்கத்துறையினர் சோதனைக்காக வெட்டினால் புதிய சீல் எண்ணை எழுதிக் கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டியது உங்கள் புரோக்கரின் கடமை.

முத்துநகர் முகவர் எழுதியது:

கடமையை ஏற்கிறேன், ஐயா.

பனியன்நகர் அவர்களே, காப்பீட்டுக்கு வருவோம். உங்கள் பாலிசி இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ் (ஏ) விதிகளின்படி அமைந்தது என்றால், அது தொழிற்சாலையிலிருந்து தொடங்குகிறதா, துறைமுகத்திலிருந்தா என்று பாருங்கள். அது எஃப்ஓபி விற்பனையா (கப்பலில் ஏற்றும் வரை உங்கள் பொறுப்பு), சிஐஎஃப் விற்பனையா (கப்பல் கட்டணமும் காப்பீடும் உங்களுடையவை) என்பதைப் பொறுத்தது. எஃப்ஓபி என்றால் தூத்துக்குடி வரையிலான பயணத்துக்கு நீங்கள் தனியாகக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஏ வகையில் திருட்டு அடங்கும். பயங்கரவாதம் அடங்காது, அதற்கு ஸ்டிரைக்ஸ் கிளாஸஸ் விதிகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

கப்பல் நிறுவனத்துக்கு, வெளியே தெரியாத குறைவைச் சரக்கு பெற்ற 3 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாங்குபவர் அதைச் செய்தாரா என்று கேளுங்கள். செய்யாவிட்டாலும் உரிமை போய்விடாது. நிரூபிக்கும் சுமை கூடும். லாரிப் பயணத்துக்கு 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் பிறகு வழக்கே தொடர முடியாது. நான்கு மாதங்கள் ஆகிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக் கணக்கிட்டுப் பார்த்தீர்களா?

பனியன்நகர் எழுதியது:

இன்று 127ஆம் நாள். நோட்டீஸ் எழுதி வைத்திருக்கிறேன். டிரைவர் பெயரை அதில் குறிப்பிடவில்லை. யார்டில் விட்ட நேரம், எடுத்த நேரம், இரண்டு படங்கள், ஜிபிஎஸ் பதிவு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். நாளைக் காலை தபால் நிலையம் திறந்ததும் டெலிவரிச் சான்றோடு, பதிவு செய்த ஸ்பீடு போஸ்டில் போய்விடும்.